டயலில் இருக்கும் 5, எதன் 5?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் இரண்டு மூன்று மாதம் தங்கி வந்த பெற்றோர் பலர் இதைக் கவனித்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை நடைக்குக் கிளம்பினால், வீட்டுக்கு வீடு முன்புறம் புல்தரை விரிந்து கிடக்கும். சில வீடுகளில் அது ஒரே பச்சையாக இருக்காது. கரும்பச்சையில் ஒரு பட்டை, வெளிர்பச்சையில் ஒரு பட்டை என்று மாறி மாறி வரும். புல்வெட்டும் இயந்திரம் புல்லைச் சாய்த்துவிட்டுப் போன தடமும் இப்படித்தான் தெரியும். ஆனால் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் அந்தத் தடத்தில் கருமையும் வெளுப்பும் இடம் மாறிவிடும். நான் சொல்லும் பட்டை எங்கிருந்து பார்த்தாலும் மாறாது. அது புல்லின் உடம்பிலேயே ஏறிவிட்ட நிறம்.

அந்த வீட்டுக்காரர் அக்கறை இல்லாதவர் அல்ல. நல்ல உரமாகப் பார்த்து வாங்கியிருப்பார். பையின் பின்புறம் அச்சிட்டிருந்ததைப் படித்து, உரம் தூவும் வண்டியின் டயலை 5-ல் வைத்திருப்பார். ஒரு மூலை விடாமல் தள்ளிக்கொண்டு நடந்திருப்பார். ஆனாலும் பட்டை விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே உரத்தை, அதே 5-ல் வைத்துப் போட்டார். அவருக்குப் பாதித் தரையிலேயே பை காலி. அப்படியானால் அந்த 5 எதைக் குறிக்கிறது? 5 கிராமா? 5 மில்லிமீட்டரா? எதற்குமே அலகு எழுதியிருக்கவில்லையே!

வண்டிக்குள் இருப்பது

அங்கே இதை ஸ்ப்ரெடர் என்கிறார்கள். நாம் உரத்தூவி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரம், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி, மேலே அகன்று கீழே குறுகும் ஒரு தொட்டி. தொட்டியின் அடியில் இரண்டு மூன்று துளைகள். துளைகளை ஒட்டி, முன்னும் பின்னும் நழுவும் ஒரு தகடு. கைப்பிடியில் உள்ள டயலின் வேலை, அந்தத் தகடு எதுவரை திறக்கலாம் என்று ஓர் இடத்தில் தடுத்து நிறுத்துவது மட்டுமே. துளை வழியாக விழும் குருணை உரம் கீழே உள்ள சுழல்தட்டில் விழுகிறது. தட்டு, பல்சக்கரங்கள் வழியாகச் சக்கர அச்சோடு இணைந்திருக்கிறது. நாம் நடந்தால் தட்டு சுழலும். சுழன்று உரத்தை இரு பக்கமும் விசிறி அடிக்கும். விசிறாமல் நேர் கீழே கொட்டும் வகையும் உண்டு. இந்த அத்தியாயத்தில் விசிறும் வகையையே பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது அதுதான்.

இந்த வண்டிக்குள் தராசு இல்லை, கடிகாரம் இல்லை, எவ்வளவு தூரம் போனோம் என்று எண்ணும் கருவியும் இல்லை. டயல் எண் என்பது தகடு நிற்கும் இடத்தின் பெயர், அவ்வளவுதான். ஒரு கம்பெனியின் டயல் 2-ல் தொடங்கி 15-ல் முடியும். இன்னொன்றில் 30 வரை போகும். சிலவற்றில் எண்ணுக்குப் பதில் எழுத்துகளே இருக்கும். ஒருவருடைய 5-ம் இன்னொருவருடைய 5-ம் ஒரே அளவு துளையாக இருக்க வேண்டும் என்று பொது அளவுகோல் எதுவும் கிடையாது.

பிறகு ஏன் பையில் எண்ணை அச்சிடுகிறார்கள்? ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில் ஊரில் 1868-ல் தொடங்கிய ஸ்காட்ஸ் நிறுவனம், 1928-ல் ‘டர்ஃப் பில்டர்’ என்ற பெயரில் வீட்டுப் புல்தரைக்கென்றே ஓர் உரத்தைக் கொண்டுவந்தது. உரம் விற்பவரே அதைத் தூவும் வண்டியையும் விற்கும்போது, இந்தப் பைக்கு இந்த வண்டியில் இந்த எண் என்று சொல்லிவிடுவது வாங்குபவருக்கு வசதி. அந்த ஜோடி சேர்ந்திருக்கும்வரை எண்ணுக்குப் பொருள் உண்டு. வேறு கம்பெனியின் வண்டியில் அதே எண்ணை வைத்தால் அது வெறும் எண்.

குதிரில் நெல் குறைந்தால்

சரி, துளையின் அளவு தெரிந்துவிட்டால் போதுமா? அதற்கு முன், துளை வழியாகக் குருணை எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். அது தண்ணீர் ஓடுவது போல் இல்லை.

அடியில் ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மட்டம் இறங்க இறங்க வேகம் தளர்ந்து, கடைசியில் ஒழுகும். நெல் கொட்டி வைக்கும் குதிரில் அப்படி நடப்பதில்லை. குதிர் கழுத்துவரை நிரம்பியிருந்தாலும், கால்வாசிதான் இருந்தாலும், அடிவாயைத் திறந்தால் நெல் ஒரே வேகத்தில்தான் வரும். மணற்கடிகாரம் நேரம் காட்டுவதும் இந்தக் குணத்தால்தான். மேலே மணல் குறையக் குறைய ஓட்டமும் குறைந்தால், அதைக் கடிகாரம் என்று யார் நம்புவார்கள்?

1895-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரப் பொறியாளர் யான்சென் தானியக் கிடங்குகளை ஆராய்ந்து, இதற்கு நெருங்கிய ஓர் உண்மையைச் சொன்னார். தானியத்தை உயரமாகக் கொட்டிக்கொண்டே போனாலும், ஓர் அளவுக்கு மேல் அடித்தளத்தின்மீதான அழுத்தம் கூடுவதில்லை. காரணம், தானியம் கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் சுவரை அழுத்துகிறது. அப்படி அழுந்தும் இடத்தில் உராய்வு பிறக்கிறது. மேலே ஏற்றிய எடையில் பெரும்பகுதியை அந்த உராய்வு வழியாகச் சுவரே தாங்கிக்கொள்கிறது.

துளைக்கு நேர் மேலே இன்னொன்று நடக்கிறது. அங்கே குருணைகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துச் சிறு குவிமாடம் போலக் கணநேரம் நிற்கின்றன, உடைகின்றன, மறுபடி சேர்கின்றன. அந்தக் குவிமாடத்துக்குக் கீழே வந்துவிட்டவைதான் தடையில்லாமல் விழுகின்றன. குவிமாடம் எவ்வளவு பெரியது என்பதைத் துளையின் அகலம் தீர்மானிக்கிறது. மேலே எத்தனை கிலோ காத்திருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குருணைகள் இப்படி நடந்துகொள்வதன் நுட்பங்களை இயற்பியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உரத்தூவிக்கு இது பெரிய வரம். தொட்டி நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும், ஒரு விநாடிக்கு விழும் உரம் மாறாது. ஆனால் ‘ஒரு விநாடிக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். புல்லுக்கு வேண்டியது ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கு. வண்டி தருவதோ ஒரு விநாடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கதையின் சிக்கல் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சிறிது திறந்தால் நிறையக் கொட்டும்

துளையின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஓட்டமும் அதே அளவு கூடும் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கும். அது தப்பு. 10 மில்லிமீட்டர் துளையை 12 ஆக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் திறப்பின் பரப்பு 44 சதவீதம் கூடிவிட்டது. அதோடு, துளை பெரிதானால் அதன் மேலுள்ள குவிமாடமும் உயரும். குருணை கொஞ்சம் கூடுதல் உயரத்திலிருந்து விழுவதால் துளையைக் கடக்கும்போது வேகமும் சற்றுக் கூடும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் ஏறக்குறைய 58 சதவீதம் அதிகம்.

உலர்ந்த மணலை வைத்து ஜெர்மானியப் பொறியாளர் ஹாகென் 1852-லேயே இந்தப் போக்கைக் கண்டிருந்தார். 1961-ல் நெதர்லாந்தில் பெவர்லூவும் அவருடைய சகாக்களும் பலவகை விதைகளைத் துளைகள் வழியே ஓடவிட்டு அளந்து, அதை உறுதிப்படுத்தினார்கள். அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். துளையின் விளிம்பை ஒட்டிய ஒரு வளையம் ஓட்டத்துக்குப் பயன்படுவதில்லை. விளிம்பில் இடிக்கும் குருணை ஒழுங்காக வெளியே வர முடியாது. அப்படி வீணாகும் வளையத்தின் அகலம் குருணையின் அளவைப் பொறுத்தது. அதே 10 மில்லிமீட்டர் துளையில் 2 மில்லிமீட்டர் குருணைக்குப் பதில் 1 மில்லிமீட்டர் குருணையைப் போட்டால், ஓட்டம் சுமார் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். டயலை யாரும் தொடவே இல்லை; பை மட்டும்தான் மாறியது.

உரத்தூவியின் துளைகள் சரியான வட்டமாக இருப்பதில்லை. தகடு நகரும்போது வடிவமும் மாறும். உரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு கம்பி கலக்கிக்கொண்டும் இருக்கும். அதனால் ஆய்வகக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. போக்கு மட்டும் அதேதான். டயலில் ஒரு படி ஏற்றினால் உரம் ஒரு படிக்கு மேலேயே ஏறும்.

ஈரமும் இதில் புகுந்து விளையாடும். யூரியா காற்றிலிருந்து நீரை இழுக்கும் பண்டம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் அது கசியத் தொடங்கும். போன வருடம் திறந்து சுருட்டி வைத்த பையிலிருந்து கொட்டும்போது கட்டி தட்டுப்பட்டால், எந்த எண்ணும் சரியாக வராது. அந்தப் பையை வைத்து அளவு பார்ப்பதே வீண் என்பேன்.

நடையும் ஒரு டயல்

விநாடிக்கு ஓடும் உரம் மாறாது என்று பார்த்தோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? நடப்பவர்தான். மெதுவாக நடந்தால் அதே தரைக்கு அதிக விநாடிகள் கிடைக்கும். அதிக உரம் விழும். வேகமாக நடந்தால் குறையும். கைப்பிடியில் ஒரு டயல் இருப்பது நமக்குத் தெரியும். இரண்டாவது டயல் நம் கால்கள்.

இதோடு இன்னொரு விளைவும் சேர்கிறது. சுழல்தட்டு சக்கரத்தோடு இணைந்தது என்பதால், நடை தளர்ந்தால் தட்டின் சுழற்சியும் தளரும். உரம் தூரம் போகாமல் பக்கத்திலேயே விழும். ஆக, மெதுவாகப் போகிறவர் அதிக உரத்தைக் குறுகலான இடத்தில் கொட்டுகிறார். மேட்டில் ஏறும்போதும், வயதானவர் களைத்துப்போன கடைசி வரிசையிலும் நடப்பது இதுதான். மணிக்கு 3 மைல், அதாவது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகம் என்பதுதான் பெரும்பாலான பரிந்துரைகள் அடிப்படையாகக் கொள்ளும் நடை. 20 மீட்டரை 15 விநாடியில் கடக்கும் நடை அது. வேலையாகப் போகிறவரின் நடை. உலாவுகிறவரின் நடை அல்ல.

எதுவரை விழுகிறது என்பதல்ல கேள்வி

பட்டைக்கு வருவோம். உரம் இரு பக்கமும் இரண்டரை மீட்டர்வரை தெறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு 5 மீட்டர் அகலம் நனைந்த மாதிரி தெரியும். அடுத்த வரிசையை 5 மீட்டர் தள்ளி நடக்கலாம் என்று தோன்றும். கோடு விழுவது இந்த இடத்தில்தான்.

உரம் அந்த 5 மீட்டரிலும் சமமாக விழுவதில்லை. இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஆழமில்லாத தட்டுகளை 30 சென்டிமீட்டர் இடைவெளியில், வண்டி போகும் பாதைக்குக் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டு, நடுத்தட்டுகளின் இரு புறமும் சக்கரம் போகும்படி ஒருமுறை கடந்து போக வேண்டும். பிறகு ஒவ்வொரு தட்டில் விழுந்ததையும் ஒரே அளவுள்ள கண்ணாடிக் குழாய்களில் கொட்டி, அதே வரிசையில் நிறுத்த வேண்டும். நடுக்குழாயில் உரம் உயரமாக நிற்கும். இரு பக்கமும் போகப் போகச் சரிந்து, கடைசிக் குழாயில் நாலைந்து குருணை கிடக்கும். குழாய்களின் வரிசையே ஒரு குன்றின் சரிவைக் காட்டும். குன்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், உரம் தட்டின் சரியான இடத்தில் விழவில்லை என்று பொருள்.

நடுக்குழாயின் உயரத்தில் பாதி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் அந்தப் பாதிப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரமே உண்மையில் பயன்படும் அகலம். அதை வீச்சகலம் என்போம். நம் எடுத்துக்காட்டில் நடுவிலிருந்து 1.25 மீட்டரில் பாதி என்றால், வீச்சகலம் 2.5 மீட்டர். வரிசைகளை 2.5 மீட்டர் தள்ளித் தள்ளி நடந்தால், இந்த வரிசையின் சரிவு மேல் அடுத்த வரிசையின் சரிவு ஏறும். இங்கே பாதி, அங்கே பாதி. இரண்டும் சேர்ந்து ஒன்று. தரை முழுக்க ஒரே மட்டம். 5 மீட்டர் தள்ளி நடந்தவருக்கோ நடுக்கோட்டில் குன்று, இடையில் பள்ளம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு தழைச்சத்து (நைட்ரஜன்) அணுக்கள் இருக்கின்றன. குன்று விழுந்த இடத்துப் புல் கறுத்து வளரும். பள்ளத்துப் புல் வெளுத்து நிற்கும். அந்தப் பெற்றோர் காலை நடையில் கண்ட பட்டை இதுதான்.

பெரிய குருணை தூரம் போகும், சிறியது கிட்டத்தில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குருணையின் விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஆகிறது. காற்று தடுக்கும் பரப்போ நாலு மடங்குதான் ஆகிறது. பலவகைக் குருணைகளைக் கலந்த மலிவு உரத்தில் ஒரு சத்து நடுவிலும் இன்னொரு சத்து ஓரத்திலுமாகப் பிரிந்து விழுவது இதனால்தான். ஒரே அளவுக் குருணைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

மேரிலாந்தில் 450 சதுர மீட்டர்

இனி ஒரு தரையை எடுத்துக்கொண்டு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். இடம் மேரிலாந்து மாநிலம். அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. செசபீக் விரிகுடாவில் சத்துகள் கலந்து பாசி பெருகுவதைக் குறைக்க 2011-ல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. புல்தரைக்கு ஒருமுறை போடும் உரத்தில் தழைச்சத்து 1,000 சதுர அடிக்கு 0.9 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. நம் அளவில் சொன்னால், ஒரு சதுர மீட்டருக்கு 4.4 கிராம்.

நம் வீட்டில் கட்டடம், கார் நிறுத்தும் இடம், பாதை எல்லாம் போகப் புல் மட்டும் 450 சதுர மீட்டர். வாங்கிய பையில் 20-0-5 என்று போட்டிருக்கிறது. முதல் எண் தழைச்சத்து, நடுவில் உள்ளது மணிச்சத்து, கடைசி சாம்பல்சத்து. ஆக நூறு கிராம் உரத்தில் 20 கிராம் தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 4 கிராம் தழைச்சத்து போடலாம் என்று முடிவு செய்கிறோம். அதற்கு 20 கிராம் உரம் வேண்டும். முழுத் தரைக்கு 9 கிலோ.

20 கிராம் என்றால் எவ்வளவு? 2 மில்லிமீட்டர் குருணை ஒன்றின் எடை ஏறக்குறைய 6 மில்லிகிராம். ஆகவே ஒரு சதுர மீட்டரில் மூவாயிரத்துச் சொச்சம் குருணைகள். அவற்றைச் சமமாகப் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம், பக்கத்துக்கு 1.7 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். தரையில் குனிந்து பார்த்தால் உரம் போட்டதே தெரியாது. நிறையத் தெரிகிறதென்றால் நிறைய விழுந்திருக்கிறது.

சோதனைக்குத் தரையிலேயே 20 மீட்டர் நீளத்தை இரண்டு குச்சி நட்டு அடையாளம் செய்கிறோம். வீச்சகலம் 2.5 மீட்டர் என்பது தட்டுச் சோதனையில் தெரியும். 20-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 50 சதுர மீட்டர். ஒருமுறை நடந்தால் 50 சதுர மீட்டருக்கான உரம், அதாவது 1,000 கிராம் வெளியே போயிருக்க வேண்டும். தொட்டியில் 5 கிலோவை நிறுத்துக் கொட்டுகிறோம்.

பையில் நம் வண்டியின் பெயர் இல்லை. எனவே குறைந்த எண்ணில் தொடங்குவதே முறை. குறைவாக விழுந்ததைப் பிறகு நிரவலாம், அதிகமாக விழுந்ததைத் திரும்ப அள்ள முடியாது. டயலை 4-ல் வைத்து, குச்சிக்குச் சில அடி முன்பே நடையைப் பிடித்துக்கொண்டு, முதல் குச்சியில் திறந்து இரண்டாவதில் மூடுகிறோம். 15 விநாடி. மிச்சத்தை வாளியில் கொட்டி நிறுத்தால் 4,200 கிராம். போனது 800 கிராம்.

இன்னும் 200 கிராம், அதாவது 25 சதவீதம் கூட வேண்டும். 4-க்கு 25 சதவீதம் கூட்டினால் 5. டயலை 5-க்குத் திருப்பிவிடலாமா? கூடாது. துளைக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். டயல் எண்ணும் துளையின் அகலமும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன என்று கொண்டால், 5-ல் சுமார் 1,400 கிராம் போயிருக்கும். 25 சதவீதம் கேட்டவருக்கு 75 சதவீதம் கிடைக்கும். அதனால் பாதிப் படி மட்டும் ஏற்றி, 4½-ல் வைத்து, வேறொரு 20 மீட்டரில் நடக்கிறோம். இந்த முறை போனது 1,075 கிராம். சதுர மீட்டருக்கு 21.5 கிராம் உரம், 4.3 கிராம் தழைச்சத்து. நினைத்ததைவிட 7.5 சதவீதம் கூடுதல், ஆனால் சட்டத்தின் 4.4-க்கு உள்ளே. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. கையால் தள்ளும் வண்டியில் 7.5 சதவீதம் நல்ல துல்லியம்.

இந்த 4½ இந்த உரத்துக்கு, இந்த வண்டிக்கு, இந்த நடைக்கு உரியது. நடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். இப்போது விநாடிக்கு 72 கிராம் ஓடுகிறது. அதே 20 மீட்டரை உலாவுகிற நடையில் 20 விநாடியில் கடந்தால் 1,430 கிராம் போய்விடும், தழைச்சத்து 5.7 கிராம். டயல் சரியாக இருந்தும் சட்டத்தின் எல்லை தாண்டிவிட்டது. அவசரப்பட்டு 12 விநாடியில் கடந்தால் 3.4 கிராம்தான். திறந்தபடியே ஒரு விநாடி நின்றுவிட்டால், மூன்றரைச் சதுர மீட்டருக்குரிய உரம் ஒரே இடத்தில் குவியும். உப்பு மிகுந்த அந்த இடத்தில் வேரிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டு, புல் கருகி வட்டமாக மஞ்சள் விழும். நடக்கத் தொடங்கிய பிறகு திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்பே மூட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதற்காகத்தான்.

அளவைப் பாதியாக்கி, ஒருமுறை வடக்குத் தெற்காகவும் ஒருமுறை கிழக்கு மேற்காகவும் போடச் சொல்பவர்கள் உண்டு. புதிதாகப் பழகுகிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு நடையில் நேர்ந்த தடுமாற்றம் மறு நடையின் தடுமாற்றத்தோடு ஒரே இடத்தில் சேருவது அரிது. ஆனால் வீச்சகலத்தைத் தப்பாக வைத்துக்கொண்டு குறுக்கே நடந்தால், பட்டைக்குப் பதில் கட்டம் விழும்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. முழுத் தரையும் முடிந்ததும் பையில் மிஞ்சியதை நிறுங்கள். 4½-ல் சுமார் 9.7 கிலோ செலவாகியிருக்க வேண்டும். குறைவாகப் போட்ட முதல் சோதனை வரிசையால் கொஞ்சம் குறையும். 12 கிலோ போயிருந்தால், வரிசைகளை நெருக்கிவிட்டீர்கள் அல்லது நடை தளர்ந்துவிட்டது.

ஓரத்தில் விழுந்தவை

ஒரு வீட்டின் 450 சதுர மீட்டரில் இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நாசாவில் கிறிஸ்டினா மிலேசியும் சகாக்களும் செய்து 2005-ல் வெளியான ஆய்வு, அமெரிக்கப் புல்தரைகளின் மொத்தப் பரப்பை ஏறக்குறைய 1,64,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. அந்நாட்டில் பாசனம் பெறும் மக்காச்சோளப் பரப்பைப் போல அது மூன்று மடங்கு. ஒவ்வொரு தரையிலும் கால்வாசி உரம் கூடினால் அது எங்கே போகும்? புல் உண்டது போக மிஞ்சியதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். ஒரு பகுதி மழையோடு ஓடும்.

அதிலும் சிமென்ட் பாதையில் தெறித்த குருணைக்கு மண்ணே கிடையாது. அமெரிக்கப் புறநகர்த் தெருவோர வடிகால் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஓடைக்குப் போய்ச் சேர்கிறது. ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாநிலம் புல்தரை உரத்தில் மணிச்சத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 2002-ல் கொண்டுவந்தபோது, பாதையிலும் தெருவிலும் உரம் கிடக்க விடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியது. மணிச்சத்து ஏரியில் கலந்தால் பாசி பெருகும், பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீரும், மீன் சாகும். புல்தரையில் ஓர் அளவு கூடினால் அங்கே ஒரு பட்டைதான் தெரியும். ஏரியில் தெரிவது வேறு.

அதனால் பல உரத்தூவிகளில் பாதைப் பக்கம் மட்டும் உரம் போகாமல் தடுக்கும் ஒரு மறைப்பு இருக்கிறது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓர வரிசையில் அதை இறக்கிவிட்டு நடங்கள். அப்படியும் பாதையில் தெறித்ததைத் துடைப்பத்தால் பெருக்கிப் புல்லுக்குள் தள்ள வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது. வண்டியையும் தெருவில் வைத்துக் கழுவாமல் புல்லின் மேலேயே வைத்துக் கழுவிக் காயவிடுங்கள். உரத்தின் உப்பு இரும்பை அரிக்கும்; தகட்டில் ஒட்டிய பொடி கெட்டியாகி, அடுத்த முறை துளையை முழுதாக மூடவோ திறக்கவோ விடாது. அடுத்த ஆண்டு டயலில் அதே 4½-ஐ வைக்குமுன், தொட்டியைக் கவிழ்த்து, டயல் மூடிய நிலையில் தகடு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 5 கிலோவை நிறுத்துக் கொட்டி, 20 மீட்டர் நடந்து பாருங்கள்.